நாற்பத்தோராவது சுருள்

1967 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நாலு மணி இருபத்தாறு நிமிடம். காலையிலிருந்து விடாத மழை. மாடுங்காவில் நாங்கள் இருந்த கட்டடத்தின் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். அந்த நேரத்தில்தான் நான் பதினெட்டு வருஷங்களாகச் சேர்த்து வைத்திருந்த சினிமாச் சுருள்களை விற்றேன். அவற்றோடு சேர்ந்து, இரண்டாம் மாடிக்காரரின் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் போயிற்று. போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

சினிமா என்றால் தியேட்டரில் ஓடுவது அல்ல. விரல் அகலம்கூட இல்லாத எட்டு மில்லிமீட்டர் பிலிம். நான் வேலை பார்த்த கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை 1949இல் ஊருக்குக் கப்பலேறும்போது தன் கேமராவையும் ப்ரொஜெக்டரையும் இருநூற்றைம்பது ரூபாய்க்கு என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். அன்றைக்கு என் சம்பளம் நூற்று எண்பத்தைந்து. அதற்காக என் மனைவி பேசாமல் இருந்தது பதினோரு நாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். டிராம், துறைமுகம், மழையில் தத்தளிக்கும் கிங்ஸ் சர்க்கிள், சௌபாத்திக் கூட்டம், மார்க்கெட். கட்டடத்தில் யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் பிலிமின் விலையை அவர்கள் கொடுப்பார்கள், நான் எடுத்துக் கொடுப்பேன். கழுவி வந்ததும் கூடத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டுவேன்.

1967இல் எனக்கு அறுபத்து மூன்று. ஓய்வு பெற்று எட்டு வருஷம். செம்பூரில் காலனி வீடு கிடைத்திருந்தது. இப்போதிருப்பதைவிட ஒரு அறை குறைவு. முழங்கால் வலிக்கு மாடிப்படி ஏற வேண்டாம் என்பது ஒன்றுதான் லாபம். சாமான்களைக் கழித்துக்கொண்டிருந்தோம்.

"ஏன்னா, இந்த டப்பாவெல்லாம் தலைல கட்டிண்டா செம்பூர் போப்போறேள்?" என்றாள் என் மனைவி. "போட்டுப் பாத்து நாலு வருஷமாச்சு. ஒரு தகர டப்பால பெருங்காயம் வெச்சுக்கவும் விட மாட்டேங்கறேள்."

பேச்சு நியாயம்தான். ப்ரொஜெக்டரைத் தூக்கி மேஜைமேல் வைக்கவே எனக்குத் தெம்பு இல்லை. ஃபோர்ட்டில் பழைய கேமரா சாமான் விற்கும் ஒரு பார்சிக்காரர் இப்படி வீட்டில் எடுத்த ஊர்க் காட்சிகளைச் சேகரிக்கிறார் என்று பழைய ஆபீஸ் நண்பர் சொன்னார். கடிதம் போட்டேன். அந்த மழையில் குடையும் ஒரு தோல் பையுமாக மனிதர் வந்துவிட்டார்.

குடும்பப் படங்கள் பதினாறை நான் முன்பே தனியாக எடுத்து, உரியவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பீரோவில் வைத்துவிட்டேன். விற்பனைக்கு இருந்தவை ஊர்க் காட்சிகள் நாற்பது. அவர் கையிலேயே சின்னப் பூதக்கண்ணாடி வைத்திருந்தார். ஒவ்வொரு சுருளிலும் இரண்டு அடி இழுத்துப் பார்த்தார். டிராம் உள்ளவை ஏழு. அவற்றை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். டிராம் நின்று மூன்று வருஷம்தான் ஆகிறது, அதற்குள் அதற்கு ஒரு விலை. நான் சுருளுக்கு ஐந்து கேட்டேன், அவர் மூன்று என்றார், நாலில் நின்றது. நூற்றறுபது. ப்ரொஜெக்டருக்கு நூற்றுப்பத்து. கேமராவின் ஸ்ப்ரிங் உடைந்து போயிருந்ததால் அதை அவர் தொடவில்லை.

மணி நாலே கால். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் பொருள் கை மாறிவிட வேண்டும் என்று என் மனைவி சமையலறை வாசலில் நின்றபடி கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் டப்பாக்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கினேன். நாற்பது. மறுபடி எண்ணினேன். நாற்பது.

"நாப்பதுன்னு மொட்டையா முடிக்காதேள்," என்றாள். "ஒண்ணு சேத்துக் குடுங்கோ."

எங்கள் வீட்டில் அப்படித்தான். மொய் எழுதினால் நூற்றொன்று, ஐம்பத்தொன்று. பூஜ்யத்தில் முடிகிற எண்ணில் எதையும் கொடுப்பதில்லை, வாங்குவதும் இல்லை. அவள் சொல்லாவிட்டாலும் நானே சேர்த்திருப்பேன். ஆனால் நல்லதில் ஒன்றைச் சும்மா கொடுக்க மனம் வரவில்லை. நாலு ரூபாய். அலமாரிக்கு அடியில் 'கெட்டுப்போனவை' என்று நானே எழுதி ஒட்டிய அட்டைப்பெட்டி இருந்தது. குனிய முடியாமல் காலால் இழுத்து, கைக்கு முதலில் வந்த டப்பாவை எடுத்து மேலே வைத்தேன். நாற்பத்தொன்று.

பார்சிக்காரர் ஏன் ஒன்று அதிகம் என்று ஹிந்தியில் கேட்டார். எங்கள் வழக்கம் என்று இங்கிலீஷில் சொன்னேன். சிரித்துவிட்டு இருநூற்றெழுபதோடு ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். நாலு இருபத்தாறுக்குப் பெட்டி படியிறங்கியது.

வியாழக்கிழமை மாலை இரண்டாம் மாடிக்காரர் வந்தார். என்னைவிட ஒன்பது வயது சின்னவர். அவர் பெண்ணின் கதை கட்டடம் முழுக்கத் தெரியும், நானும் சொல்லிவிடுகிறேன். 1959இல் மாடுங்காவிலேயே ஒரு மண்டபத்தில் கல்யாணம். மூன்று வருஷம் டில்லியில் குடித்தனம். பிறகு பிறந்த வீட்டுக்கு அனுப்பினவன் திரும்பக் கூப்பிடவில்லை. 1966இல் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டுவிட்டான். இவர் கோர்ட்டுக்குப் போனார். முதல் கல்யாணமே முழுதாக நடக்கவில்லை என்று அங்கே அவன் எழுதிக் கொடுத்திருந்தான். சம்பந்திகளுக்குள் சண்டை வந்து, சப்தபதிக்கு முன்னாலேயே தன் தகப்பனார் மண்டபத்தை விட்டு எழுந்து போய்விட்டார், தானும் பின்னாலேயே போய்விட்டேன் என்றான். தகப்பனாரும் அதையே சத்தியம் பண்ணியிருந்தார்.

"வக்கீல் என்ன சொல்றார்ன்னா, அண்ணா, ஏழு அடி வெச்சதைக் காட்டணுமாம்," என்றார். "வைச்சாச்சுன்னு நான் சொன்னா, பொண்ணோட அப்பா, அப்படித்தானே சொல்வேன்ங்கறா. நீங்க வந்து சொன்னாலும் எங்க மனுஷான்னு தள்ளிடுவாளாம். வாத்தியார் போய்ச் சேர்ந்துட்டார். ஆல்பம் அவாகிட்ட இருக்கு. ஸ்டூடியோக்காரன் கடையை மூடிண்டு எங்க போனான்னு தெரியலை. ஆகஸ்ட் ஏழாம் தேதி வாய்தா."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க எடுத்தேளே ஒரு படம். கெட்டுப்போச்சுன்னு சொன்னேள். ஒரு ஓரமாவது, நிழல் மாதிரியாவது, ஏதாவது விழுந்திருக்காதோ? தூக்கிப் போட்டுட்டேளா?"

"தேடிப் பாக்கறேன்," என்றேன்.

அவர் படியேறிப் போகும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டுப் படி. அந்தப் படம் கெட்டுப்போகவில்லை.

நடந்தது இது. அந்த வகைப் பிலிமில் ஒரு பக்கம் இரண்டு நிமிடம் ஓடும். பிறகு கேமராவைத் திறந்து சுருளைத் திருப்பிப் போட வேண்டும். வெளிச்சம் படாமல் செய்ய வேண்டிய வேலை. காசி யாத்திரையிலும் ஊஞ்சலிலும் கையைக் கட்டுப்படுத்தாமல் எடுத்துத் தள்ளிவிட்டேன். மாப்பிள்ளை திருமாங்கல்யத்தைக் கையில் எடுக்கும்போது முதல் பக்கம் தீர்ந்தது. மண்டபத்தின் சாமான் அறைக்கு ஓடி, யாருடைய சால்வையையோ போர்த்திக்கொண்டு சுருளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் அங்கே என் காதில் விழுந்தது. திரும்பி வந்தபோது தாலி ஏறிவிட்டது, அட்சதையெல்லாம் தரையில் கிடந்தது.

அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் தாலி கட்டுவது இல்லாத கல்யாணப் படத்தை வேட்டியில் காட்டினால் கட்டடமே சிரிக்கும். கணக்கில் புலி என்று பெயர் வாங்கியவன் இரண்டு நிமிடத்தை எண்ணத் தெரியாமல் போனான் என்பார்கள். வெளிச்சம் புகுந்து படம் கெட்டுவிட்டது என்று சொன்னேன். பிலிமுக்காக அவர் கொடுத்த இருபத்திரண்டரை ரூபாயையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கெட்டது பிலிம், என் தவறு அல்ல என்று எனக்கே ஒரு நியாயம் வைத்திருந்தேன். சுருளை அந்த அட்டைப்பெட்டியில் போட்டேன். எட்டு வருஷம்.

அலமாரியின் அடியைக் காலி செய்தேன். பெட்டியில் ஆறு சுருள் இருந்தன. இருக்க வேண்டியவை ஏழு. கல்யாணச் சுருள்தான் இல்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் அன்றுவரை தெரியாது. உளுந்தைக் களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தாலி கட்டறதை விட்டுட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு நாள் சிரிச்சுட்டுப் போயிருப்பா. நாளைக்குக் காலம்பர முதல் வண்டிக்குப் போங்கோ."

வெள்ளிக்கிழமை ஃபோர்ட்டில் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். பார்சிக்காரர் பத்து நாற்பதுக்கு வந்தார். நாற்பதும் ஷெல்ஃபில் எண் ஒட்டி அடுக்கியிருந்தது. நாற்பத்தோராவதைக் கேட்டேன். கல்யாணப் படமெல்லாம் தனக்கு வேண்டாதது என்று எடுத்துப் போட்டுவிட்டாராம். வேஸ்ட் பிலிம் வாங்குகிறவன் திங்கட்கிழமை வந்திருந்தான். மற்ற குப்பையோடு எடைக்குப் போயிற்று.

"ஆப்னே ஹீ தோ முஃப்த் மே தியா," என்றார். நீங்கள்தானே சும்மா கொடுத்தீர்கள். அவர்மேல் தவறில்லை. தாராவியில் இன்ன தெருவில் இன்ன பட்டறை என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். அதைத் திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை தாராவி. மாடுங்காவிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனாலும் முப்பது வருஷத்தில் நான் உள்ளே போனது நாலு தடவை. சந்துகளில் கருப்புத் தண்ணீர், மேலே பலகை. பலகைகளை எண்ணிக்கொண்டு போனேன், அறுபதுக்கு மேல் விட்டுவிட்டேன். தோல் நாற்றம் முடிகிற இடத்தில் வேறொரு நாற்றம், காரச் சோடாவும் அழுகலும் கலந்ததாக.

பட்டறைக்காரர் கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம். ஐம்பது வயதிருக்கும், முண்டா பனியன், லுங்கி. தியேட்டர்களில் ஓடித் தேய்ந்த பெரிய பிலிம்களைத்தான் அவர் வாங்குவது. தொட்டியில் ஊறப்போட்டுச் சுரண்டினால் மேலே இருக்கிற கருப்பு வழிந்துவிடும். அந்தச் சேற்றில் வெள்ளி இருக்கிறது, அது உருக்குகிறவர்களுக்குப் போகும். மிஞ்சுகிற கண்ணாடி மாதிரியான பட்டையைக் காயவைத்துக் கட்டி, வளையல் செய்கிறவர்களுக்கும் சட்டைக் காலருக்குள் பட்டை வைக்கிறவர்களுக்கும் விற்பார்.

"வாங்க அண்ணாச்சி, இரிங்க," என்று ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டார். "மழைன்னால நாலு நாளா தொட்டிய மூடிப்போட்டிருக்கேன். கழுவினா எங்க காயப்போடுறது."

எனக்கு மூச்சு வந்தது. "பாய், திங்கக்கிழமை ஃபோர்ட்லேந்து ஒரு சின்னச் சுருள் வந்திருக்கும். இத்தனூண்டு அகலம். அது கழுவாமத்தானே இருக்கு?"

"அந்த நாடாவா?" என்றார். "அதக் கழுவி எதுக்கு. அதுல குண்டுமணி வெள்ளி தேறாதுல்லா. கட்டுக் கட்டுறதுக்கு வச்சிக்கிட்டோம். நல்லாத்தான் இருக்கு, சணலு வாங்கற காசு மிச்சம்."

மூலையைக் காட்டினார். போன வாரம் கழுவிக் காய்ந்த பட்டைகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கட்டின் இடுப்பிலும் கருப்பாக ஒரு மெல்லிய நாடா, முடிச்சுப் போட்டு. அது அந்தப் பெண்ணின் கல்யாணம்.

"மொத்தம் எத்தனை கட்டு?"

"முப்பத்து நாலு. ஒம்பது நேத்து வளையக்காரன் கொண்டுபோயிட்டான்."

அந்த ஒன்பதில் என்ன இருந்ததோ என்பது இன்றுவரை என்னை விடவில்லை.

விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். பெண், கோர்ட்டு, ஏழு அடி. அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டு கேட்டார். பிறகு உள்ளே பார்த்து, "ஏ, அந்தக் கட்டெல்லாத்தையும் அவுத்திருங்க. நாடாவ அறுக்காம அவுக்கணும்," என்றார்.

வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். நனைந்து இறுகிய முடிச்சுகள். இழுத்தால் பிலிம் வெடிக்கும். ஒருத்தி தலையிலிருந்த ஊசியை எடுத்து முடிச்சுக்குள் விட்டு நெம்பினாள். வந்த துண்டுகளை நான் ஒவ்வொன்றாக வாசல் வெளிச்சத்தில் பிடித்து, என் வாசிக்கும் கண்ணாடியால் பார்த்தேன். ஊசி வைத்திருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தெரியுது பெரியவரே?"

"காலு."

"யாரு காலு?"

"மாப்பிள்ளை கால்."

"மூஞ்சிய விட்டுட்டுக் காலையா போட்டோ புடிச்சீக?" என்றாள். மற்றவள் சிரித்தாள். "ஓடிப் போற காலுன்னு அப்பமே தெரிஞ்சிருக்கும் போல. அதான் புடிச்சி வச்சிருக்காரு."

பாய் அதட்டினார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஏன் காலை எடுத்தேன் என்று எனக்குத் தெரியும். மணமக்கள் அடி வைக்கும்போது நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கண் கீழே இருந்தது, கேமராவும் கீழே போயிற்று.

இருபத்தைந்து துண்டு கிடைத்தது. அளந்ததில் முப்பத்தேழரை அடி. முழுச் சுருள் ஐம்பது. துண்டுகளுக்குப் பாய் காசு வாங்கவில்லை. "அதுக்கு என்னத்த வாங்கறது, குப்பைதானே" என்றார். அவிழ்த்ததைத் திரும்பக் கட்டும் கூலியாக அந்தப் பெண்களுக்கு ஐந்து ரூபாய் கொடுத்தேன். கட்டுவதற்குச் சணல் இரண்டே கால் ரூபாய்க்கு நானே வாங்கிவந்து போட்டேன்.

அன்று மாலை முப்பத்தெட்டுப் படி ஏறினேன். இருபதாவது படியில் நிற்க வேண்டியிருந்தது. அவர் வீட்டுக் கூடத்தில் துண்டுகளைச் செய்தித்தாள்மேல் பரப்பி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். தாலி கட்டுவதைத் தவறவிட்டது, கெட்டுப்போச்சு என்று பொய் சொன்னது, ஒன்று சேர்த்துக் கொடுக்கிறேன் என்று இதை விற்றது. இருபத்திரண்டரை ரூபாயையும் பக்கத்தில் வைத்தேன்.

அவர் பணத்தைப் பார்த்தார்.

"படம்கூட விழலைன்னு சொன்னா என் ஆத்துக்காரி," என்றார். "அவன் இவளைத் திருப்பி அனுப்பின அன்னிக்கு அதைத்தான் சொன்னா. அன்னிக்கே சகுனம் சொல்லித்து, நாமதான் கேக்கலைன்னு. அதுக்கப்பறம் ஒவ்வொரு சண்டைக்கும் அதேதான். படம் விழாத கல்யாணம், படம் விழாத கல்யாணம். பொண்ணையே ராசியில்லாதவன்னுட்டா. நானும் ஆமாம்னு தலையாட்டிண்டிருந்தேன் அண்ணா."

உள்ளே அந்த அம்மாளின் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. வெளியே வரவில்லை. மன்னிக்கணும் என்று சொன்னேன், அது சின்னதாக இருந்தது. அவர் பணத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பெண்தான் வந்து தரையில் உட்கார்ந்தாள். இருபத்தேழு வயது. செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு துண்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"இதைத் தலைகீழா வெச்சிருக்கேள் மாமா. இந்தப் பக்கம் மேல," என்றாள்.

ஒட்டும் கருவியும் பசையும் நாலரை ரூபாய்க்கு வாங்கினேன். அடுத்த வாரம் ஐந்து சாயங்காலம் அவள் ஸ்கூல் விட்டு வந்ததும் எங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டுகளை வரிசைப்படுத்தினோம். முடிச்சு விழுந்த இடங்களை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அடிக்கு எண்பது படம், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தில் பாதி. சப்தபதியின் ஏழு அடியை மட்டும் தேடினோம். முதல் நாலு இரண்டு துண்டுகளில் சேர்ந்தாற்போல் இருந்தது. ஆறும் ஏழும் வேறொரு துண்டில். ஏழாவதில் நான் கேமராவை நிமிர்த்தியிருக்கிறேன். இருவர் முகமும் தெளிவு. மாப்பிள்ளைக்குப் பின்னால் அவனுடைய தகப்பனார், மயில்கண் அங்கவஸ்திரம், குனிந்து மகன் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாவது அடி மட்டும் இல்லை. எல்லாத் துண்டுகளையும் மூன்று தடவை பார்த்தேன்.

"வளையல்காரன்கிட்டப் போயிருக்கும். நாளைக்குப் போய்க் கேக்கறேன்," என்றேன்.

"வேண்டாம் மாமா. அஞ்சாவது இல்லாட்டா என்ன," என்றாள் பசையை ஊதிக்கொண்டே. "அவர் எட்டாவது அடியே வைக்கலை."

ஆனாலும் நான் போனேன். வளையல்காரன் நாடாக்களை அன்றே அடுப்பில் போட்டிருந்தான்.

எடுத்தவன் நான்தான் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் வக்கீல். அதற்கு ஏழு ரூபாய். வாய்தாவுக்கு முன்னால் எதிர்க்கட்சிக்கு ஒரு தடவை போட்டுக் காட்டிவிடலாம் என்றும் அவரே சொன்னார். போடுவதற்கு என்னிடம் ப்ரொஜெக்டர் இல்லை. பார்சிக்காரர் என்னிடம் வாங்கினதை எனக்கே ஒரு நாள் வாடகைக்குக் கொடுத்தார். இருபது ரூபாய், பல்பு உடைந்தால் பல்பின் விலை தனி.

ஜூலை 29, சனிக்கிழமை, பகல் மூன்று மணி. தூறல். ஜன்னல்களில் இரண்டு கம்பளியை ஆணியடித்து இருட்டாக்கினேன். அவர்கள் தரப்பில் வக்கீலும் மாப்பிள்ளையின் தகப்பனாரும் வந்தார்கள். டில்லியிலிருந்து மகன் வரவில்லை. தகப்பனாருக்கு என் வயதுக்கு மேல் நாலைந்து இருக்கும். படியேறி வந்த இளைப்பில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என் மனைவி எல்லாருக்கும் காபி கொடுத்தாள், அவருக்கும். மொத்தம் ஒன்பது காபி, தூள் சர்க்கரை பால் சேர்த்து மூன்று ரூபாய் பதினைந்து காசு.

ஓட்டினேன். ஒட்டின இடமெல்லாம் படம் துள்ளியது. காசி யாத்திரையில் குடையோடு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு வந்தான். ஊஞ்சலில் பாதி. திருமாங்கல்யத்தை எடுக்கும் கை, பிறகு வெள்ளை. யாரும் சிரிக்கவில்லை. கால்கள் வந்தன. நான் வாய்க்குள் எண்ணினேன். நாலு. ஒரு துள்ளல். ஆறு. ஏழு.

"இன்னொரு தரம் போடும்," என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

போட்டேன். ஏழாவது அடியில் அவரே அவர் மகனைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அது யாருன்னு இதுல தெளிவாத் தெரியலை," என்று அவர் வக்கீல் ஆரம்பித்தார்.

"நான்தான்," என்றார் கிழவர். "அவன் தயங்கினான். ஏழாவதுக்குத் தயங்கினான். ம், வை வைன்னேன்." பிறகு, "அந்த அங்கவஸ்திரம் இன்னும் இருக்கு," என்றார்.

வக்கீல் அவர் தோளைத் தொட்டார். அவர் கையைத் தட்டிவிட்டு, இன்னும் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றார். மூன்றாவது தடவை ஊஞ்சலிலேயே பல்பு வெடித்தது. நாற்பத்திரண்டு ரூபாய். என் மனைவிதான் போய்க் கம்பளியை இழுத்தாள். பெண் சுவர் ஓரமாக நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. போகும்போது, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "சௌக்கியமா இருக்கியா," என்று கேட்டார். அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி வாய்தாவில் அவர்கள் தரப்பு சமரசத்துக்கு வந்தது. போட்ட நகையில் பத்தொன்பது சவரன் திரும்பியது. வர வேண்டியது இருபத்தேழு. மாதம் அறுபது ரூபாய் ஜீவனாம்சம். மகன் ஜெயிலுக்குப் போகாமல் இருக்க அவர்கள் அதற்குச் சம்மதித்தார்கள். இது போதுமா என்று நான் கேட்டதற்கு அவள், கல்யாணமே ஆகவில்லை என்று சொன்னதை வாபஸ் வாங்கினார்களே, அது போதும் என்றாள். போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் கணக்கில் எட்டு சவரன் இடிக்கிறது. அவள் அம்மா அதற்குப் பிறகு படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவள் அப்பா சொன்னார்.

நாங்கள் செம்பூருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பள்ளிக்கூடம் பக்கம்தான் என்பதால் அவள் சில நாள் மத்தியானம் வந்து என் மனைவியோடு சாப்பிடுகிறாள். அறுபது ரூபாய் ஐந்தாம் தேதி வர வேண்டும், பன்னிரண்டுக்கு முன்னால் ஒரு மாதம்கூட வந்ததில்லை. ஒட்டின சுருள் கோர்ட்டில் இருக்கிறது. ஒருவேளை அங்கேயும் எதையாவது கட்ட உதவுகிறதோ என்னவோ. தாராவிக்கும் ஃபோர்ட்டுக்குமாக அலைந்த பஸ், ரயில் ஆறு ரூபாய் நாற்பது காசையும் சேர்த்து, முழங்காலுக்குத் தேய்த்த தைலத்தைச் சேர்க்காமல், சும்மா கொடுத்த அந்த ஒரு சுருளுக்கு எனக்கு ஆன செலவு நூற்றுப்பன்னிரண்டு ரூபாய் எண்பது காசு.